பல்லி விஷத்தில் பிறந்த ஊசி: எச்.ஐ.வி. நோயாளியின் குடியும் ஒரு சர்க்கரை மருந்தும் (நீண்ட இழை)

1/
அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ஒரு விஷப் பல்லி. சர்க்கரை நோய்க்குப் போடும் ஒரு ஊசி. எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே தினமும் குடிக்கும் ஒருவர். இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கு. கிட்டத்தட்ட 90 வருஷக் கதை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா வாசிங்க. கடைசியில் நீங்கள் செய்ய வேண்டியதும், செய்யவே கூடாததும் சிலது இருக்கு.

2/
முதலில் ஒரு கேள்வி. குடி எல்லோருக்கும் கெடுதல்தானே? எச்.ஐ.வி. உள்ளவரின் குடியைப் பற்றி மட்டும் ஏன் தனியாகப் பேசணும்?

இன்றைக்கு எச்.ஐ.வி. என்பது மரண தண்டனை இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. அதை ஒழுங்காகப் போட்டால் ரத்தத்தில் வைரஸ் பரிசோதனைக்கே சிக்காத அளவுக்கு அடங்கிவிடும். அப்படி அடங்கிய நிலை தொடரும்வரை உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. ஆயுளும் மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட சமம். இதற்கெல்லாம் ஒரே நிபந்தனை: மாத்திரையை விடாமல் போடணும்.

3/
குடி முதலில் கைவைப்பது இந்த நிபந்தனையில்தான்.

குடித்தவர் மாத்திரையை மறந்துவிடுகிறார், சரி. ஆனால் மறக்காமலேயே விடுகிறவர்களும் உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் செத் கலிச்மனின் குழு இதைப் பல ஆய்வுகளில் பார்த்தது. "சாராயமும் இந்த மாத்திரையும் கலந்தா விஷமாயிடும்" என்று நம்பி, குடிக்கிற நாளில் வேண்டுமென்றே மாத்திரையை நிறுத்துகிறார்கள். நம்ம ஊரிலும் கேட்கிற பேச்சுதான் இது. யாரோ நல்ல எண்ணத்தோடு சொன்ன "குடிச்சா மாத்திரை போடாதே" என்ற ஒரு வரி, வைரஸுக்கு விடுமுறை கொடுத்துவிடுகிறது.

4/
இரண்டாவது, உடம்பு. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கென்று அரசு நடத்தும் மருத்துவமனைகள் உண்டு. (இந்தப் படைவீரர் மருத்துவமனைகளை நினைவில் வைங்க, கதையில் திரும்பத் திரும்ப வரும்.) அங்கே ஏமி ஜஸ்டிஸ் என்ற மருத்துவரின் தலைமையில், எச்.ஐ.வி. உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்தார்கள்.

2016-ல் வெளியான முடிவு: எச்.ஐ.வி. இல்லாத ஆண்களுக்கு மாதம் 70 'டிரிங்க்' அளவில் தெரிந்த மரண ஆபத்து, எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்கு 30-லேயே தெரிய ஆரம்பித்தது.

5/
30 டிரிங்க் என்றால் எவ்வளவு? அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 14 கிராம் சுத்தமான ஆல்கஹால். நம்ம ஊர் 180 மில்லி குவார்ட்டர் பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் வருது. அதாவது ஒரு குவார்ட்டர், நாலு டிரிங்குக்கும் கொஞ்சம் மேலே.

ஆக 30 டிரிங்க் என்பது மாதத்துக்கு ஏழு குவார்ட்டர். "வாரத்துக்கு ரெண்டு தடவைதான் சார், அளவாத்தான்" என்று சொல்கிறவரே அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பார்.

6/
சரி, குடியைக் குறைக்க மருத்துவத்தின் கையில் என்ன இருந்தது? வரலாற்றுக்குப் போவோம்.

1937. அமெரிக்காவில் ஒரு ரப்பர் தொழிற்சாலை மருத்துவர், பெயர் வில்லியம்ஸ். ரப்பரைப் பதப்படுத்தும் ஒரு வகை கந்தக ரசாயனத்தோடு வேலை செய்யும் தொழிலாளர்கள் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து அவதிப்படுவதைக் கவனித்தார். பலர் குடியையே விட்டிருந்தார்கள். குடிநோய்க்கு இதில் மருந்து இருக்குமோ என்று மருத்துவ இதழில் எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

7/
அடுத்து டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன், 1940-கள். எரிக் யாகப்சன், யென்ஸ் ஹால்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள். அதே ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்த டைசல்ஃபிராம், வயிற்றுப் புழுவுக்கு மருந்தாகுமா என்று பார்க்க அதைத் தாங்களே விழுங்கினார்கள். அந்தக் காலத்தில் அது சகஜம். பிறகு கொஞ்சம் குடித்தபோது இருவருக்கும் உடம்பு படுத்தி எடுத்தது. ஒருவரோடு ஒருவர் பேசிப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. 1948-ல் ஆய்வு வெளிவந்தது. 'அன்டபியூஸ்' என்ற பெயரில் அது உலகம் முழுக்கப் போனது.

8/
டைசல்ஃபிராம் எப்படி வேலை செய்யுது? ஆல்கஹால் உடம்பில் உடையும்போது நடுவில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் உருவாகும். வழக்கமாக அது உடனே கரைந்துவிடும். டைசல்ஃபிராம் அந்த வேலையைத் தடுத்துவிடும். நச்சு தேங்கும். வாந்தி, படபடப்பு, மூச்சுமுட்டல்.

சுருக்கமாகச் சொன்னால் இது தண்டனை. குடிக்கும் ஆசையை இது தொடுவதில்லை, குடித்த பிறகு அடிக்கிறது. ஆசை வந்தவர் என்ன செய்வார்? மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிப்பார். 1986-ல் படைவீரர் மருத்துவமனைகளில் 605 ஆண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், குடியை முழுதாக விட்டவர்கள் எண்ணிக்கையை இந்த மருந்து கூட்டவில்லை. பக்கத்தில் ஒருவர் இருந்து தினமும் மாத்திரை கொடுத்தால் பலன் கிடைக்கிறது. எத்தனை பேருக்கு அப்படி ஒருவர் இருக்கிறார்?

9/
அடுத்த மருந்து நால்ட்ரெக்ஸோன். 1984-ல் அமெரிக்காவில் ஹெராயின் போன்ற போதைகளுக்கு அடிமையானவர்களுக்காக அனுமதிக்கப்பட்டது. குடித்தால் வரும் 'கிக்'கில் மூளையின் சொந்த அபின் போன்ற ரசாயனங்களுக்கும் பங்கு உண்டு. அதை அடைத்தால்?

1992-ல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று ஃபிலடெல்ஃபியா படைவீரர் மருத்துவமனையில் வோல்பிசெல்லி என்ற மருத்துவர் 70 பேரிடம் செய்தது, இன்னொன்று யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி ஓ'மேலி செய்தது. இரண்டிலும் பலன் தெரிந்தது. 1994-ல் குடிநோய்க்கும் அனுமதி கிடைத்தது. தண்டனை போய், குடியில் கிடைக்கும் இன்பத்தைக் குறைக்கும் மருந்து வந்தது.

10/
கவனிச்சீங்களா? புழுவுக்குத் தேடியது குடிக்கு வந்தது. அபின் வகைப் போதைக்கு வந்தது குடிக்குப் போனது. ஒரு நோய்க்கு உருவான மருந்தை இன்னொரு நோய்க்குப் பயன்படுத்துவது மருத்துவத்தில் பழைய வழக்கம்.

எச்.ஐ.வி.யின் முதல் மருந்தும் அப்படித்தான். ஜிடோவுடின் 1964-ல் புற்றுநோய்க்காக ஜெரோம் ஹார்விட்ஸ் என்ற விஞ்ஞானி உருவாக்கியது. புற்றுநோயில் தோற்றுப்போய் அலமாரியில் கிடந்தது. 1987-ல் எச்.ஐ.வி.க்கான முதல் மருந்தாக அனுமதி பெற்றது.

11/
குடிக்கு வைத்தியம் பார்த்தால் வைரஸ் அடங்குமா? 2018-ல் இதற்கு ஒரு நல்ல பதில் வந்தது. அமெரிக்காவில் சிறையிலிருந்து வெளியே வரும், எச்.ஐ.வி.யும் குடிநோயும் சேர்ந்த 100 பேர். சாண்ட்ரா ஸ்பிரிங்கர் என்ற மருத்துவரின் குழு, சிலருக்கு மாதம் ஒருமுறை நால்ட்ரெக்ஸோன் ஊசியும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி ஊசியும் போட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மருந்து ஊசி போட்டவர்களில் வைரஸ் அடங்கியவர்கள் அதிகம்.

எச்.ஐ.வி. மருந்தை மாற்றாமல், குடிக்கு வைத்தியம் செய்தே வைரஸை அடக்க உதவ முடியும் என்று காட்டிய ஆய்வு இது.

12/
ஆனாலும் இந்த மருந்துகள் நோயாளிகளைச் சென்றடையவில்லை. 2019-ல் டெல்லி எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு சொன்னது: இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது.

ஏன்? குடியை நோய் என்று நாம் இன்னும் மனசார ஒத்துக்கொள்ளவில்லை. "திமிர்", "கொழுப்பு", "மனசு வச்சா விட முடியாதா" என்கிறோம். சர்க்கரை நோயாளியைப் பார்த்து "மனசு வச்சு சர்க்கரையைக் குறை" என்று மட்டும் சொல்லி அனுப்புவோமா? எச்.ஐ.வி.யும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு அவமானங்களைச் சுமப்பவர் வாய் திறந்து உதவி கேட்பது அபூர்வம்.

13/
இப்போ பல்லிக்கு வருவோம்.

ஹீலா மான்ஸ்டர். தென்மேற்கு அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் வாழும் விஷப் பல்லி. வருஷத்துக்குச் சில தடவைதான் சாப்பிடும். நியூயார்க்கின் பிராங்ஸ் படைவீரர் மருத்துவமனையில் (மறுபடியும்!) ஜான் எங் என்ற ஹார்மோன் மருத்துவர், விஷங்களுக்குள் புது ஹார்மோன்கள் இருக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். சில விஷங்கள் விலங்குகளின் கணையத்தைப் பாதிப்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. 1992-ல் இந்தப் பல்லியின் விஷத்தில் எக்ஸெண்டின்-4 என்ற பொருளைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்.

14/
அது நம் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைப் போலவே இருந்தது. சாப்பிட்டதும் இன்சுலினைச் சுரக்கவைத்து, "போதும், வயிறு நிறைஞ்சிருச்சு" என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் அது. ஆனால் மனித ஜி.எல்.பி.-1 ரத்தத்தில் ஒன்றிரண்டு நிமிஷத்தில் பாதி அழிந்துபோகும். பல்லியுடையது மணிக்கணக்கில் நிற்கும்.

எங் வேலை பார்த்த அரசுத் துறை இதற்குக் காப்புரிமை எடுக்க முன்வரவில்லை. இது படைவீரர்களுக்கே உரிய பிரச்சினை இல்லை என்பது அவர்கள் வாதம். அவரே சொந்த முயற்சியில் விண்ணப்பித்தார். 1996-ல் அமிலின் என்ற நிறுவனம் உரிமம் வாங்கியது. 2005-ல் எக்ஸெனடைடு என்ற பெயரில் சர்க்கரை நோய்க்கு ஊசி வந்தது. பிறகு மனித ஹார்மோனையே கொஞ்சம் மாற்றி லிராகுளுடைடு, 2017-ல் வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைடு. 2021-ல் உடல் எடைக்கும் அனுமதி.

15/
ஜி.எல்.பி.-1 வேலை செய்யும் இடங்கள் மூளையிலும் உண்டு. பசியைக் கட்டுப்படுத்தும் பகுதியில் மட்டுமா? "இன்னொரு தடவை வேணும்" என்ற தூண்டலை உருவாக்கும் பகுதியிலும்.

ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் யெர்லாக் குழு 2013 வாக்கிலேயே எலிகளில் பார்த்தது: எக்ஸெண்டின்-4 கொடுத்தால் எலி குடிப்பது குறைகிறது. 2019-ல் கரீபியத் தீவான செயின்ட் கிட்ஸின் வெர்வெட் குரங்குகளிடம் சோதனை. அந்தத் தீவுக் குரங்குகளில் சில மதுவை விரும்பிக் குடிக்கும். எக்ஸெனடைடும் லிராகுளுடைடும் கொடுத்தபோது அவையும் குறைத்துக்கொண்டன.

16/
அதற்குள் மனிதர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். எடைக்காக ஊசி போட்ட பலர், "டாக்டர், இப்பல்லாம் குடிக்கணும்னே தோணலை" என்றார்கள். மருந்துச்சீட்டில் எழுதாத பலன். ரப்பர் தொழிலாளர்களைப் போலவே இங்கேயும் முதல் செய்தி மருந்து பட்ட உடம்பிலிருந்துதான் வந்தது.

ஆனால் நாலு பேர் சொல்வது ஆதாரம் ஆகாது. முறையாகச் சோதிக்கணும். சோதித்தார்கள்.

17/
முதல் பெரிய சோதனை நடந்த ஊர், டைசல்ஃபிராம் பிறந்த அதே கோபன்ஹேகன். 2022-ல் முடிவு வெளியானது. 127 குடிநோயாளிகள், 26 வாரம், வாராவாரம் எக்ஸெனடைடு அல்லது போலி ஊசி. மொத்தமாகப் பார்த்தால் அதிகம் குடித்த நாட்கள் மருந்தால் குறையவில்லை.

உள்ளே பிரித்துப் பார்த்ததில், உடல் பருமன் உள்ளவர்களுக்குக் குறைந்தது. ஒல்லியானவர்களுக்குக் கூடியது! இந்த ஒரு வரியை மறக்காதீங்க. கீழே மறுபடி வருவேன்.

18/
2024-ல் ஸ்வீடனின் தேசியப் பதிவேடுகளை வைத்து ஓர் ஆய்வு. குடிநோய் உள்ள 2 லட்சத்து 27 ஆயிரம் பேர். ஒரே ஆள் மருந்து எடுத்த காலத்தையும் எடுக்காத காலத்தையும் ஒப்பிட்டார்கள். செமாகுளுடைடு எடுத்த காலத்தில், குடியால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலை 36 சதவீதம் குறைவு. லிராகுளுடைடுக்கு 28 சதவீதம். பெரிய எண்ணிக்கைதான். ஆனால் இது பதிவேட்டைப் பார்த்துச் சொன்னது. மருந்துதான் காரணம் என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

19/
2025 பிப்ரவரியில் கிறிஸ்டியன் ஹெண்டர்ஷாட் குழுவின் ஆய்வு அமெரிக்காவிலிருந்து வந்தது. 48 பேர், 9 வாரம், குறைந்த அளவு செமாகுளுடைடு அல்லது போலி ஊசி. குடிக்கிற நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை. குடிக்கிற நாளில் குடிக்கும் அளவு குறைந்தது. ஏக்கமும் குறைந்தது.

மருந்துகளின் பாதையைப் பாருங்க. முதல் மருந்து குடித்தவரைத் தண்டித்தது. இரண்டாவது இன்பத்தைக் குறைத்தது. மூன்றாவது 'வேணும்' என்ற ஏக்கத்தையே தணிக்கப் பார்க்கிறது. ஒவ்வொரு படியிலும் குடி என்பது ஒழுக்கக்கேடு என்ற வாதம் பலவீனமாகிறது. ஹார்மோன் ஊசியால் தணியும் ஏக்கம் எப்படி வெறும் குணக்கேடாக இருக்க முடியும்?

20/
சரி, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு?

சாதகமான விஷயங்கள் முதலில். எச்.ஐ.வி. மருந்துகள் பலவும் கல்லீரல் நொதிகளோடு மோதும், அதனால் மற்ற மருந்துகளோடு சேர்க்கும்போது பயம் உண்டு. செமாகுளுடைடு புரதம் போல உடைந்து கரைவதால் அந்த மோதல் குறைவு. அடுத்து கல்லீரல் கொழுப்பு. 2024-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எச்.ஐ.வி.யும் கல்லீரல் கொழுப்பும் உள்ளவர்களுக்கு 24 வாரம் செமாகுளுடைடு கொடுத்ததில் கொழுப்பு சுமார் 31 சதவீதம் குறைந்தது. குடியால் அடிபட்ட கல்லீரலும் தேறும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, ஆனால் ஆராய நல்ல காரணம். வாரம் ஒரு ஊசி என்பதால் தினமும் இன்னொரு மாத்திரை என்ற சுமையும் இல்லை.

21/
பாதகங்களும் உண்டு. அதே ஆய்வில் இடுப்புப் பகுதித் தசையின் அளவு சுமார் 9 சதவீதம் குறைந்தது. நடை, வேகம் பாதிக்கப்படவில்லை என்றாலும், நம்ம ஊர் நோயாளியை நினைச்சுப் பாருங்க. பலர் ஏற்கெனவே ஒல்லி. காசநோய் வந்து போனவர்கள். குடியால் சாப்பாடே குறைந்தவர்கள். அவர்களுக்குப் பசியை அடக்கும் மருந்து நல்லதா? கோபன்ஹேகனில் ஒல்லியானவர்களுக்குக் குடி கூடியது என்றேனே, அது இங்கேதான் உறைக்கும்.

கணைய அழற்சியும் கவலைதான். குடியே கணையத்தைக் கெடுக்கும். இந்த ஊசிகளிலும் அது எச்சரிக்கையாகச் சொல்லப்படும் விளைவு.

22/
அதனால்தான் எச்.ஐ.வி. உள்ள, அதிகம் குடிக்கிறவர்களிடமே நேரடியாகச் சோதிக்கணும் என்ற குரல் எழுந்து, அதற்கான ஆய்வுகள் தொடங்கியிருக்கின்றன. கேள்விகள் தெளிவானவை. குடி குறையுமா? குறைந்தால் மாத்திரை ஒழுங்காகுமா? வைரஸ் அடங்குமா? எடை குறைவதால் யாருக்கு ஆபத்து?

மருந்து ஆய்வுகளில் ஒரு பழைய அநியாயம் உண்டு. குடிக்கு மருந்து சோதிப்பவர்கள் வேறு பெரிய நோய் உள்ளவர்களைத் தவிர்ப்பார்கள். மற்ற நோய்க்குச் சோதிப்பவர்கள் குடிப்பவர்களைத் தவிர்ப்பார்கள். இரண்டும் சேர்ந்தவருக்குத்தான் மருந்து அதிகம் தேவை, அவர்தான் இரண்டு பட்டியலிலும் இருக்க மாட்டார்.

23/
பலன் உறுதியானால் விலை? இதிலும் வரலாறு நம்பிக்கை கொடுக்குது. எச்.ஐ.வி. கூட்டு மருந்துகளுக்கு ஒருவருக்கு வருஷம் 10,000 டாலருக்கு மேல் ஆன காலத்தில், 2001-ல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. உலகமே மாறியது. 2004-ல் இந்திய அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது.

செமாகுளுடைடின் முக்கியக் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான். அதன் பிறகு உள்நாட்டு நிறுவனங்கள் தயாரிக்கலாம். விலை குறைவது நல்லது. ஆனால் ஆதாரம் வருவதற்கு முன்பே மலிவான ஊசி வந்துவிட்டால், யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் போடும் ஆபத்தும் கூடவே வரும்.

24/
இப்போ நீங்கள் செய்ய வேண்டியது.

• குடியைக் குறைப்பதற்காக இந்த ஊசிக்கு இன்னும் அனுமதி இல்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வீட்டில் இருப்பவருக்குப் போடாதீங்க.

• எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுபவர் குடித்துவிட்டாலும் அன்றைய மாத்திரையை விடக் கூடாது. குடி ஒரு கெடுதல், மாத்திரையை விடுவது இரண்டாவது கெடுதல். ஒன்றோடு நிறுத்துங்க.

• பல வருஷம் தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் அடைத்துவைத்து நிறுத்தாதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாங்க.

25/
• நால்ட்ரெக்ஸோன் மாதிரி மருந்துகள் இன்றைக்கே இருக்கு. யாருக்கு எது பொருந்தும் என்பதைக் கல்லீரல், மற்ற மருந்துகள் எல்லாம் பார்த்து மருத்துவர் சொல்வார். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்க. ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்குபவர், குடிக்கிறேன் என்பதை அங்கே ஆலோசகரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

• போனில் பேச: மனநல உதவிக்கு 14416. எச்.ஐ.வி. பற்றிய சந்தேகங்களுக்கு 1097. இரண்டும் கட்டணமில்லாதவை.

26/
குடிக்கிற ஒரு எச்.ஐ.வி. நோயாளியை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாமலேயே பக்கத்திலும் இருக்கலாம். "குடிக்கிறவனுக்கு எதுக்கு வைத்தியம்" என்று யாராவது சொன்னால், இந்த இழையை அனுப்பி வைங்க.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க. டியூட்டி முடிச்சுட்டு வந்து பதில் சொல்றேன். உங்கள் பெயரோ நோயோ வெளியே தெரிய வேண்டாம் என்று நினைத்தால் பொதுவில் எழுத வேண்டாம், மேலே உள்ள எண்களுக்கே பேசுங்க.